மலைநாட்டுக் குளிரில் போர்க்லிப்ட் பெட்டரியைச் சார்ஜ் போடுவது எப்படி

தேயிலை தன் பக்கத்தில் இருக்கும் எந்த வாசத்தையும் இழுத்துக்கொள்ளும். டீசல் புகை பட்ட தேயிலையை ருசி பார்க்கிறவர் ஒரு மடக்கில் கண்டுபிடித்துவிடுவார். அதனால் தேயிலை அடுக்கும் ஸ்டோருக்குள் ஓட்ட மின்சார போர்க்லிப்ட்தான் (சுமை தூக்கி அடுக்கும் வண்டி) சரி. வண்டியோடு பெட்டரியும் சார்ஜரும் ஒரு கையேடும் வரும். கையேடு நல்லதுதான். ஆனால் அது 25, 30 பாகை செல்சியஸ் வெப்பநிலையை மனதில் வைத்து எழுதப்பட்டது. நான் மின்சார வேலை பார்ப்பது ஹட்டனுக்கும் தலவாக்கலைக்கும் இடையில் உள்ள ஒரு ஸ்டோரில். இங்கே தை, மாசி விடியற்காலையில் ஸ்பேனரைப் பிடித்தால் விரல் விறைக்கும். நுவரெலியாப் பக்கம் புல்லில் உறைபனி படியும் நாட்களும் உண்டு.

இந்தக் குளிரால் நமக்கென்று ஒரு தனி ஆபத்து வருகிறது. இரவில் ஸ்டோர் முழுக்கத் தேடினாலும் கதகதப்பான இடம் சார்ஜ் அறை ஒன்றுதான். சார்ஜரின் சூடு, பெட்டரியின் சூடு இரண்டும் அங்கே சேர்ந்திருக்கும். ஆட்கள் அங்கே போய் ஒதுங்குவார்கள், ஜன்னலைச் சாத்துவார்கள், பீடி பற்றவைப்பார்கள், சில இடங்களில் குளிர்காய ஒரு தகர டின்னில் நெருப்பும் மூட்டுவார்கள். பெட்டரி வேலை பழகும் தம்பிமார் மற்ற எதை மறந்தாலும் இதை மறக்கக் கூடாது என்பதால் இதிலிருந்தே தொடங்குகிறேன்.

ஜன்னலை ஏன் மூடக் கூடாது

நான் பேசுவது ஈய-அசிட் பெட்டரியைப் பற்றி. ஒரு செல்லுக்கு 2 வோல்ட், ஆகவே 48 வோல்ட் பெட்டரியில் 24 செல். சார்ஜ் ஏறும்போது ஒரு செல்லின் வோல்டேஜ் 2.4 அளவுக்கு வந்ததும், அதாவது முழுப் பெட்டரியும் 57 வோல்ட் தாண்டியதும், உள்ளே கொப்புளம் விட ஆரம்பிக்கும். தண்ணீர் ஐதரசனாகவும் ஒட்சிசனாகவும் பிரிகிறது. ஐதரசனுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. காற்றில் நூற்றுக்கு 4 பங்கு சேர்ந்தாலே ஒரு பொறி போதும். அந்த 4 பங்கிலிருந்து 75 பங்கு வரைக்கும் அது தீப்பிடிக்கும். காற்றைவிட மிக இலேசானது என்பதால் நேரே மேலே போய் சீலிங்குக்கு அடியில் தேங்கும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 500 அம்பியர்-மணி (பெட்டரி எவ்வளவு மின்சாரம் பிடிக்கும் என்பதன் அளவு) பெட்டரி ஒன்று 80 சதவீதம் இறங்கியிருக்கிறது. அதற்கு 400 அம்பியர்-மணி திருப்பிக் கொடுக்க வேண்டும். சாதாரண சார்ஜர் அதற்கு மேல் 15 சதவீதம் அளவு கூடுதலாகக் கொடுக்கும். அந்தக் கூடுதல் 60 அம்பியர்-மணி, தண்ணீரைப் பிரிப்பதிலேயே செலவாகிறது. ஒரு அம்பியர்-மணிக்கு ஒரு செல்லிலிருந்து சுமார் 0.45 லீற்றர் ஐதரசன் வரும். 24 செல்லுக்கும் கூட்டினால் ஒரு இரவில் 600 லீற்றருக்கு மேல். 4 மீற்றர் நீளம், 3 மீற்றர் அகலம், 2.5 மீற்றர் உயரம் உள்ள அறையின் கொள்ளளவு 30,000 லீற்றர். ஆக, எல்லாப் பக்கமும் அடைத்த அந்த அறையில் ஒரே ஒரு பெட்டரி நூற்றுக்கு 2 பங்கு ஐதரசனைச் சேர்த்துவிடும். இரண்டு பெட்டரி போட்டால் நேரே 4 பங்கு. அறை முழுவதும் சமமாகப் பரவினால்தான் இந்தக் கணக்கு. சீலிங்குக்கு அடியில், லைட் ஹோல்டருக்குப் பக்கத்தில், அதைவிடக் கூடுதலாக இருக்கும்.

இன்னொன்றும் கவனியுங்கள். இரவு பத்தரைக்குச் சார்ஜில் போட்ட பெட்டரி கொப்புளம் விடத் தொடங்குவது விடியற்காலை மூன்று, நான்கு மணிவாக்கில். சரியாக அந்த நேரத்தில்தான் குளிர் உச்சத்துக்கு வரும், ஆட்கள் ஜன்னலைத் தேடிப்போய்ச் சாத்துவார்கள். வாயு கூடுகிற நேரமும் ஜன்னல் மூடுகிற நேரமும் ஒன்றாக வருகின்றன.

"அண்ணே, கை விறைக்குது. அந்தப் பக்க ஜன்னலை மட்டும் சாத்திக்கிறேனே?"

"வேணாம் தம்பி. குளிருதுன்னா நீ உள்ளே நிக்காதே. ஆபீஸ் ரூமுக்குப் போய் இரு. ஜன்னல் திறந்தே கிடக்கட்டும்."

இந்தப் பேச்சு எங்கள் ஸ்டோரில் அடிக்கடி நடக்கும். ஆட்களைத் திட்டிப் பயனில்லை, குளிர் உண்மையானது. அவர்களுக்கு ஒதுங்க வேறு இடம் கொடுக்க வேண்டும். இரவு வாச்சருக்குத் தனியாக ஒரு சிறு அறையும் தேநீர் போட ஒரு கேத்தலும் கொடுத்துவிட்டால் சார்ஜ் அறைப் பக்கம் அவர் வரவே மாட்டார். மேனேஜர்மாரிடம் நான் கேட்பது இதைத்தான். அறிவிப்புப் பலகையை விட அந்தக் கேத்தல் கூடுதலாக உயிரைக் காக்கும்.

அதோடு, மூட முடியாத திறப்பாகவே வைத்துவிடுங்கள். கதவு, கண்ணாடி எதுவும் இல்லாமல், மழை அடிக்காதபடி சாய்ந்த தகட்டு வரிசையும் எலி வராமல் கம்பி வலையும் போட்ட திறப்பு. எவ்வளவு பெரிது வேண்டும் என்பதற்கு ஐரோப்பியத் தரநிலையில் ஒரு எளிய கணக்கு இருக்கிறது. செல் எண்ணிக்கையைச் சார்ஜின் கடைசிக் கட்ட அம்பியரால் பெருக்கி, அதை 0.05ஆல் பெருக்கினால் மணிக்கு எத்தனை கன மீற்றர் காற்று வேண்டும் என்று வரும். 24 செல், 25 அம்பியர் என்றால் 30 கன மீற்றர். அதை 28ஆல் பெருக்கினால் திறப்பின் பரப்பு சதுர சென்ரிமீற்றரில் கிடைக்கும்: 840. ஏறக்குறைய ஒரு அடிக்கு ஒரு அடி. அப்படி இரண்டு வேண்டும். ஒன்று தரைக்குப் பக்கத்தில், காற்று உள்ளே வர. மற்றது எதிர்ச் சுவரில் கூரையை ஒட்டி, வாயு வெளியே போக. பெட்டரி இரண்டு என்றால் பரப்பும் இரண்டு மடங்கு. மேல் திறப்பு சீலிங்கிலிருந்து இரண்டு அடி கீழே இருந்தால் அந்த இரண்டு அடியில் வாயு நிற்கும். அதனால் முடிந்தவரை உயரத்தில் வையுங்கள்.

திறந்த ஜன்னல் வழியாக மூடுபனி உள்ளே வருமே என்று கேட்பீர்கள். வரும். அதற்கு என்ன செய்வது என்று கீழே சொல்கிறேன். மூடுபனியைத் துடைக்க முடியும்.

அறையை எங்கே வைப்பது

தேயிலை அடுக்கிய இடத்திலிருந்து தள்ளி, சுவர் வைத்துப் பிரித்து வையுங்கள். சார்ஜ் ஏறும்போது வாயுவோடு சேர்ந்து அசிட் தூவலும் கொஞ்சம் வெளியே வரும். அது மூட்டைக்கும் ஆகாது, தேயிலைக்கும் ஆகாது. தரை சமமாக இருக்கட்டும். சாய்வில் நிறுத்திய பெட்டரியில் ஒரு பக்கத்துச் செல்கள் நிரம்பியது போலவும் மறுபக்கம் குறைந்தது போலவும் தெரியும். தரையைக் கழுவிய தண்ணீர் நேரே கானுக்குப் போகக் கூடாது. மேலே ஸ்டோர், கீழே லயம் என்றுதான் நம் தோட்டங்கள் அமைந்திருக்கின்றன. நம் கானில் விடுவது கீழே ஒருவருடைய பீலியில் போய்ச் சேரும்.

சார்ஜில் போடும் ஒழுங்கு

வண்டியை நிறுத்தி, சுமை தூக்கும் முள்ளுகளைத் தரையில் இறக்கி, ஹேண்ட் பிரேக் போட்டு, சாவியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மோதிரம், கைக்கடிகாரம், கழுத்துச் சங்கிலி எல்லாம் கழற்றி வைக்க வேண்டும். இந்தப் பெட்டரியின் இரண்டு முனைகளை ஒரு உலோகம் தொட்டால் ஆயிரக்கணக்கான அம்பியர் பாயும், மோதிரம் விரலிலேயே பழுக்கும். கம்பளி மப்ளர் தொங்கினால் அதையும் கழற்றுங்கள், குனியும்போது அசிட்டில் தோயும். கண்ணை முழுவதும் மூடும் கண்ணாடி, அசிட் தாங்கும் கையுறை, இறப்பர் ஏப்ரன், பூட்ஸ். வெறும் பிளக் மாற்றத்தானே போகிறோம் என்று கண்ணாடியைப் போடாமல் போகிறவர்கள் அதிகம். பொறி விழுந்து செல் வெடிப்பது அந்த ஒரு நிமிட வேலையில்தான்.

பெட்டரி மூடியை (சீட்டோடு சேர்ந்திருந்தால் சீட்டை) முழுவதும் திறந்து வையுங்கள். மூடியபடி சார்ஜ் போட்டால் வாயு அந்தப் பெட்டிக்குள்ளேயே அடைபடும். ஆனால் செல்களின் சிறிய மூடிகளைக் கழற்றக் கூடாது. "காற்றுப் போகட்டும்" என்று எல்லா மூடியையும் திறந்துவிடும் பழக்கம் பல இடங்களில் உண்டு, அது தவறு. அந்த மூடியில் வாயு போக ஓட்டை இருக்கிறது. திறந்தால் அசிட் தூவல்தான் கூடுதலாக வரும், குப்பையும் உள்ளே விழும்.

பிளக்கைப் பாருங்கள். ஆண்டர்சன் வகை பிளக்கில் நிறத்துக்கு ஒரு வோல்ட்: சிவப்பு 24, சாம்பல் 36, நீலம் 48. மின்சாரக் கைவண்டிக்கு வைத்திருக்கும் 24 வோல்ட் பெட்டரியை 48 சார்ஜரில் கொடுக்க முடியாதபடிதான் அதை அமைத்திருக்கிறார்கள். அதையும் மீறிப் பிளக்கை வெட்டி மாற்றி வைத்திருக்கும் ஸ்டோரில் முதலில் அந்தப் பிளக்கை மாற்றிவிட்டுத்தான் வேறு வேலை. செப்பு முனை கறுத்திருந்தால், பிளாஸ்டிக் உருகியிருந்தால், கேபிளின் தோல் வெடித்திருந்தால் அன்றைக்குச் சார்ஜ் போடாதீர்கள்.

சார்ஜர் ஓஃப் நிலையில் இருக்கும்போதே பிளக்கை மாட்டுங்கள், அப்புறம் ஓன் செய்யுங்கள். அம்பியர் காட்டி ஏறுகிறதா என்று ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டுப் போங்கள். கழற்றும்போதும் அப்படித்தான்: முதலில் சார்ஜரை நிறுத்த வேண்டும், அடுத்துத்தான் பிளக். ஓடிக்கொண்டிருக்கும் சார்ஜரிலிருந்து பிளக்கை இழுத்தால் பொறி பறக்கும். சார்ஜ் முடியும் நேரத்தில் அந்தப் பொறிக்குப் பக்கத்தில் ஐதரசன் நிற்கும். கேபிளைப் பிடித்து இழுக்க வேண்டாம், கைப்பிடியைப் பிடியுங்கள்.

எப்போது போடுவது

பெட்டரியில் 20 சதவீதம் மிச்சம் இருக்கும்போது வண்டியை நிறுத்திவிட வேண்டும். பெரும்பாலான வண்டிகளில் அந்த அளவு வந்ததும் தூக்கும் வேலை தானாக நின்றுவிடும். "இன்னும் இரண்டு பலட்தானே" என்று அதற்குக் கீழே இறக்கினால் பெட்டரியின் ஆயுள் குறையும், மோட்டாருக்கும் கெடுதி. நம் ஸ்டோர்களில் இன்னொரு சிக்கல், இடம் படிப்படியாக வெட்டியது. லொறி நிற்கும் தளத்துக்கும் உள் தளத்துக்கும் இடையில் சாய்வுப் பாதை இருக்கும். சுமையோடு சாய்வில் ஏறுவது சமதரையில் ஓடுவதை விடப் பெட்டரியை மிக வேகமாக இறக்கும். குளிரில் பெட்டரி கொடுக்கும் சக்தியும் கொஞ்சம் குறையும். கொழும்பில் ஒரு முழு ஷிப்ட் தாங்குகிற பெட்டரி இங்கே மத்தியானத்துக்கு மேல் தளர்ந்தால் உடனே பெட்டரி பழுது என்று முடிவு கட்டாதீர்கள்.

பழைய பழக்கம் நல்லது: 8 மணி நேரம் வேலை, 8 மணி நேரம் சார்ஜ், 8 மணி நேரம் ஆறவிடுதல். தேநீர் இடைவேளைக்கெல்லாம் சும்மா சும்மா மாட்டிக் கழற்றுவது வேண்டாம். அதற்கென்று செய்த பெட்டரியும் சார்ஜரும் என்றால் வேறு. சாதாரண ஈய-அசிட் பெட்டரி நல்ல பராமரிப்பில் 1,200 முதல் 1,500 முறை சார்ஜ் ஏற்கும். ஒவ்வொரு சில்லறைச் சார்ஜும் அந்தக் கணக்கில் தின்னும்.

கைத்தொழில் மின்கட்டணத்தில் மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை விலை உச்சம், 10.30 முதல் காலை 5.30 வரை மலிவு. ஆகவே வேலை முடிந்த பெட்டரியை ஆறவிட்டு 10.30க்குப் போடுவது நல்ல கணக்கு. பல சார்ஜர்களில் அதற்கு டைமரே இருக்கும். ஆனால் மலிவு நேரம் 7 மணித்தியாலம்தான், நன்றாக இறங்கிய பெட்டரிக்கு அது போதாது. 5.30க்கு நிறுத்தச் சொல்லும் கணக்குப்பிள்ளையிடம் நான் சொல்வது, கடைசி ஒரு மணி நேரம்தான் பெட்டரிக்கு மருந்து. அந்தக் கட்டத்தில்தான் செல்கள் எல்லாம் ஒரே நிலைக்கு வருகின்றன, கீழே கனத்த அசிட்டும் மேலே நீர்த்த அசிட்டும் கொப்புளத்தால் கலக்கின்றன. அந்த ஒரு மணி நேரக் கரண்ட் காசை மிச்சம் பிடித்து, லட்சக்கணக்கில் விலை போகும் பெட்டரியைக் கொல்லக் கூடாது.

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்தது. அப்போது பாதிச் சார்ஜிலேயே நின்று நின்று பல பெட்டரிகள் சல்பேட் பிடித்தன, அதாவது ஈயத் தகட்டில் சல்பேட் படிவு கெட்டியாகிச் சார்ஜ் சரியாக ஏறாமல் போனது. இப்போது நிலைமை அப்படியில்லை என்றாலும் மழைக்காலத்தில் மரம் விழுந்து கரண்ட் போவது இங்கே புதிதல்ல. கரண்ட் திரும்பி வந்ததும் சில சார்ஜர்கள் விட்ட இடத்திலிருந்து தொடங்கும், சில நின்றே இருக்கும், சில முதலிலிருந்து தொடங்கும். உங்களுடையது எது என்று பகல் நேரத்தில் ஒருமுறை மெயின் ஸ்விட்ச்சை நிறுத்திச் சோதித்துப் பார்த்து, சார்ஜரின் மேல் எழுதி ஒட்டுங்கள்.

தண்ணீர்

ஒவ்வொரு சார்ஜுக்கும் 60 அம்பியர்-மணி தண்ணீரைப் பிரிக்கிறது என்று மேலே சொன்னேன். அந்த 24 செல் பெட்டரியில் அது ஏறக்குறைய அரை லீற்றர் தண்ணீர். வாரத்துக்கு ஆறு சார்ஜ் என்றால் மூன்று லீற்றர். அதைத் திருப்பி ஊற்றாவிட்டால் ஈயத் தகடுகள் வெளியே தெரியும். ஒருமுறை காய்ந்த தகடு பழைய நிலைக்கு வராது.

ஊற்ற வேண்டியது டிஸ்டில் வோட்டர் மட்டும். இதில் நம் ஊரில் ஒரு வாதம் எழும். "பீலித் தண்ணி கண்ணாடி மாதிரி சுத்தமா இருக்கே, இதைவிட என்ன வேணும்?" குடிக்க அதைவிட நல்ல தண்ணீர் இல்லைதான். ஆனால் அது மலைக் கல்லையும் மண்ணையும் தொட்டு வருகிறது. இரும்பும் உப்புகளும் அதில் கரைந்திருக்கும், கண்ணுக்குத் தெரியாது. இரும்பு செல்லுக்குள் போனால் பெட்டரி சும்மா நின்றாலும் தானாக இறங்கும், குளோரைட்டு தகட்டை அரிக்கும். தகரக் கூரையில் பிடித்த மழைத் தண்ணீருக்கும் இதே கதிதான், அதில் துத்தநாகமும் துருவும் இருக்கும். கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரும் ஆகாது. கொதிக்கவைத்தால் கிருமி சாகும், உப்பு அப்படியே இருக்கும்.

ஊற்றும் நேரம் சார்ஜ் முடிந்த பிறகு. சார்ஜ் ஏறும்போது உள்ளே கொப்புளம் நிறைந்து மட்டம் உயரும். முதலே நிரப்பி வைத்தால் பால் பொங்குவது போல அசிட் மேலே வழிந்துவிடும். வழிந்த அசிட்டோடு பெட்டரியின் சக்தியும் போகிறது, அந்த இடத்தை வெறும் தண்ணீரால் ஈடுசெய்ய முடியாது. சார்ஜுக்கு முன் தகடு வெளியே தெரிந்தால் மட்டும், அது மூழ்கும் அளவுக்குக் கொஞ்சம் ஊற்றுங்கள். சார்ஜ் முடிந்ததும் மட்டத்துக்கு நிரப்புங்கள். மட்டம் தெரியாத பெட்டரியில் தகட்டுக்கு மேலே ஒரு சென்ரிமீற்றரை விடச் சற்றுக் கூட என்று வைத்துக்கொள்ளலாம். அசிட்டை எந்தக் காரணத்துக்காகவும் ஊற்றாதீர்கள். உலோகப் புனல் வேண்டாம், பிளாஸ்டிக் மட்டும்.

ஹைட்ரோமீட்டர் குளிரில் சொல்லும் பொய்

ஹைட்ரோமீட்டர் என்பது அசிட் தண்ணீரைவிட எத்தனை மடங்கு கனம் என்று அளக்கும் கருவி. அதில் சார்ஜ் நிரம்பிய செல் 1.280 காட்டும், 80 சதவீதம் இறங்கியது 1.140 பக்கம். இந்த எண்கள் கையேட்டில் சொன்ன வெப்பநிலைக்கு மட்டும் பொருந்தும். அசிட் குளிர்ந்தால் கனம் கூடும், அதனால் மீட்டர் உள்ளதைவிடக் கூட்டிக் காட்டும். ஒரு பாகைக்கு 0.0007. கையேடு 30 பாகையை அடிப்படையாக வைத்திருக்கிறது, உங்கள் செல்லில் அசிட் 15 பாகை என்றால் 15 பாகை வித்தியாசத்துக்கு 0.010 கழிக்க வேண்டும். மீட்டர் 1.280 என்றாலும் உண்மையில் 1.270தான். "நிரம்பிவிட்டது" என்று நினைத்துக் கழற்றிய பெட்டரி தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைச் சார்ஜிலேயே ஓடும். மலைநாட்டில் பெட்டரிகள் சல்பேட் பிடித்து இளவயதில் சாவதற்கு இதை நான் பெரிய காரணமாக நினைக்கிறேன். தெர்மோமீட்டரை ஹைட்ரோமீட்டரோடு கட்டியே வையுங்கள்.

சார்ஜருக்கும் இதே விஷயம் பொருந்தும். குளிர்ந்த பெட்டரிக்கு வோல்டேஜ் கொஞ்சம் கூட வேண்டும், ஒரு பாகைக்கு ஒரு செல்லுக்கு 4, 5 மில்லிவோல்ட். வெப்பநிலையை உணர்ந்து திருத்தும் சார்ஜர் கிடைத்தால் அதையே வாங்குங்கள். இல்லாவிட்டால் வாரக் கடைசியில் சமப்படுத்தும் சார்ஜைத் தவறாமல் போடுங்கள். சாதாரண சார்ஜ் முடிந்ததும் குறைந்த அம்பியரில் இன்னும் இரண்டு மூன்று மணி நேரம் ஓடும் சார்ஜ் அது. எங்களிடம் சனிக்கிழமை இரவு. அன்றைக்கு வாயு கூடுதலாக வரும் என்பதையும் மறக்க வேண்டாம். ஒரு மணி நேர இடைவெளியில் மூன்று முறை பார்த்தும் எண் ஏறாவிட்டால் நிரம்பிவிட்டது என்று பொருள்.

ஒரு சீ.ஆர். கொப்பி எடுத்து, தினமும் ஒரே ஒரு செல்லின் எண்ணை எழுதுங்கள். மாதம் ஒருமுறை எல்லாச் செல்லையும் எழுதுங்கள். ஒரு செல் மட்டும் மற்றவற்றைவிட 0.020க்கு மேல் குறைந்தால், சமப்படுத்தும் சார்ஜ் போட்டும் ஏறாவிட்டால், அந்தச் செல்லுக்கு ஆள் கூப்பிட வேண்டிய நேரம். தண்ணீர் ஊற்றியவுடன் அளக்காதீர்கள், தண்ணீர் மேலேயே நிற்கும், எண் குறைவாக வரும்.

குளிரில் பெட்டரி உறைந்து வெடிக்குமா என்று பலர் கேட்கிறார்கள். நிரம்பிய பெட்டரி நம் நாட்டுக் குளிரில் உறையாது. முழுக்க இறங்கியதுகூட பூச்சியத்துக்குக் கீழே 7 பாகை அளவில்தான் உறையத் தொடங்கும். சூடுதான் உண்மையான எதிரி. அசிட் 45 பாகையைத் தாண்டினால் சார்ஜை நிறுத்த வேண்டும். அந்த வகையில் நாம் கொடுத்து வைத்தவர்கள். ஒழுங்காகச் சார்ஜும் தண்ணீரும் கொடுத்தால் கீழ்நாட்டை விட இங்கே பெட்டரி கூட நாள் உழைக்க எல்லா வாய்ப்பும் உண்டு.

மேல்பகுதியைத் துடைப்பது

மூடுபனி உள்ளே வரும் என்றேன் அல்லவா? பெட்டரி மேலே தேயிலைத் தூசியும் அசிட் தூவலும் படிந்திருக்கும். அதில் ஈரம் பட்டால் மின்சாரம் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு அந்த அழுக்கு வழியே கசியும், வண்டி உடம்புக்கும் வரும். வாரம் ஒருமுறை துடைக்க வேண்டும், மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் மழைக்காலத்தில் இரண்டு முறை. செல் மூடிகள் எல்லாம் இறுக்கமாக இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு, பத்து லீற்றர் தண்ணீருக்கு ஒரு கிலோ அப்பச்சோடா கரைத்து, துணியில் நனைத்துத் துடையுங்கள். நுரைப்பது நின்றால் அசிட் போய்விட்டது. அப்புறம் நல்ல தண்ணீரால் துடைத்து உலர்த்துங்கள். சோடா ஒரு சொட்டுக்கூட செல்லுக்குள் போகக் கூடாது. தரையில் அசிட் கொட்டினாலும் இதே கரைசல்தான், கூட ஒரு வாளி மணல். நுரை அடங்காத எதையும் கானில் விடாதீர்கள்.

கண்ணில் பட்டால்

ஓடும் தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவ வேண்டும், இமையை விரலால் விரித்துப் பிடித்து. சோடாவைக் கண்ணில் போடவே கூடாது. நம் குழாய்த் தண்ணீர் ஐஸ் போலக் குளிரும், இரண்டு நிமிடத்தில் ஆள் முகத்தை இழுத்துக்கொள்வார். அதனால் கூட ஒருவர் நின்று அவர் தலையைத் தாங்கிப் பிடித்து, 15 நிமிடத்தையும் கடிகாரம் பார்த்து முடிக்க வேண்டும். இன்னொருவர் 1990க்கு அழைக்கட்டும். வளைவுப் பாதையில் அம்புலன்ஸ் வந்து சேர நேரம் எடுக்கும், கண்ணைக் காப்பாற்றுவது அதற்கு முன் நீங்கள் கழுவும் தண்ணீர்தான். ஆகவே குழாய் சார்ஜ் அறையிலிருந்து பத்து விநாடியில் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். அதில் தண்ணீர் வருகிறதா என்று ஒவ்வொரு நாளும் திறந்து பாருங்கள். தனியாக ஒருவரை இரவில் பெட்டரி வேலைக்கு விடாதீர்கள்.

உடம்பில் பட்டால் உடுப்பைக் கழற்றிவிட்டு அதேபோல் கழுவ வேண்டும்.

நீண்ட லீவும் பழைய பெட்டரியும்

தைப்பொங்கல், சித்திரை வருடப்பிறப்பு, தீபாவளி லீவுக்கு முன் பெட்டரியை முழுவதும் சார்ஜ் செய்து, வண்டியிலிருந்து பிளக்கைக் கழற்றி வைத்துவிட்டுப் போங்கள். இறங்கிய நிலையில் விட்டுப்போன பெட்டரிக்குள் சல்பேட் கெட்டியாகிவிடும். மாதக்கணக்கில் நிற்கும் வண்டி என்றால் மாதம் ஒருமுறை சார்ஜ்.

பெட்டரியை மாற்றும்போது வண்டித் தகட்டில் எழுதியிருக்கும் எடையைப் பாருங்கள். அந்தப் பெட்டரிதான் வண்டிக்குப் பின்பாரம். விலை குறைவு என்று இலேசான பெட்டரியைப் போட்டால் சாய்வுப் பாதையில் சுமையோடு வண்டி முன்னால் கவிழும். லிதியம் பெட்டரிக்கு மாறுகிறவர்களுக்குத் தண்ணீர் வேலை இல்லை, ஆனால் அதன் சொந்தச் சார்ஜர் கட்டாயம் வேண்டும், ஈய-அசிட் சார்ஜரில் மாட்டவே கூடாது.

பழைய பெட்டரியை இரும்புக்கடைக்குப் போடும் முன் எடையைக் குறைக்க அசிட்டை ஓடையில் ஊற்றுகிறவர்கள் உண்டு. இங்கே விழும் ஒவ்வொரு சொட்டும் மகாவலிக்கோ களனிக்கோ போகிறது. அசிட்டோடு அப்படியே முழுசாகக் கொடுங்கள். வாங்க வருகிறவரிடம் மத்திய சுற்றாடல் அதிகார சபையின் அனுமதிப்பத்திரத்தைக் கேளுங்கள். அதன் நகல் ஒன்றையும் கொடுத்த திகதியையும் அந்தச் சீ.ஆர். கொப்பியின் கடைசிப் பக்கத்தில் ஒட்டி வையுங்கள்.